விமானத்துக்கு முன்னால் ஊர் காட்டுகிறவர்

"தீ விபத்தெல்லாம் இல்லைங்க. அது எரிமலை. காலையில அது புகை விடலேன்னாதான் எங்களுக்குப் பயம்."

வண்டியில் ஏறியவர் எதையும் கேட்கவில்லை. கதவைக்கூட இன்னும் சாத்தவில்லை. ஓப்துலியோவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? குவாத்தமாலா நகரத்தில் டாக்சி ஓட்டும் மனிதர் அவர். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பாதி ஊரைக் கடந்துவிடுவார்.

விமானம் சாயங்காலம்தான், அதுவரை என்ன செய்வது என்று முழிக்கிற ஆட்களை அவர் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். பெட்டியைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்ப்பார்கள். அநேகம் பேர் பக்கத்திலிருக்கும் பழைய தலைநகரத்துக்குப் போகலாமா என்பார்கள். "அங்க போனா சுவரைப் பாக்கலாம். இங்க இருந்தா மனுசனைப் பாக்கலாம். எது வேணும்?" என்று கதவைத் திறந்துவிடுவார். சட்டை எப்போதும் இஸ்திரி மடிப்போடு இருக்கும். பெரிய கோயிலைத் தாண்டும்போது ஸ்டீரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துச் சிலுவை போடுவார். இன்னொரு கையால் குறுக்கே வந்த பேருந்துக்காரனைத் திட்டுவார். அப்போது ஸ்டீரிங்கை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்கக்கூடாது.

பேத்தி பிறந்ததிலிருந்து ஊர்ப் பெருமை எல்லாம் பேத்தியில்தான் போய் முடிகிறது. "வலது பக்கம் தெரியுதே, அது அரண்மனை. எங்க நயேலிக்கும் வலது கன்னத்துலதாங்க குழி விழும்."

அந்தப் பேத்தி பிறந்தது ஹூஸ்டனில். மகள் யெசேனியா அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள். மருமகன் எட்வினும் அங்கேயே பிறந்தவன். அவனுடைய அப்பா இந்த நாட்டு மலைக்காரர். போனவர் திரும்பவே இல்லை. போன வாரம்தான் எட்வின் முதல் தடவையாக யெசேனியாவோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான். கிளம்புகிற நாள் காலையில் வண்டியில் ஏறியதும் சொன்னான்:

"மாமா, நேரா ஏர்போர்ட் போயிடலாம். இந்த ஊர்ல சுத்துறது நல்லதில்லன்னு எல்லாரும் சொன்னாங்க."

"எல்லாரும்னா யாரு மாப்ள? ஹூஸ்டன்ல உக்காந்திருக்கிறவங்களா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மனசில் வேறு கணக்கு ஓடியது. நயேலிக்கு ஞானஸ்நானம் டிசம்பரில். அதை இங்கே பெரிய கோயிலில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அங்கேயே வைத்துவிடலாம் என்பது எட்வின் யோசனை. அங்கே வைத்தால் இவருக்கு விசா ஏது? பேத்தி தலையில் தண்ணீர் விழுவதைப் போனில்தான் பார்க்க வேண்டும். மருமகனுக்கு இந்த ஊரைப் பிடிக்க வைக்க அவர் கையில் இருந்தது அந்த ஒரு காலைப்பொழுதுதான். வண்டியை ஏர்போர்ட்டுக்கு எதிர்த்திசையில் விட்டார்.

முதலில் சந்தை. அது தரைக்கடியில் இருக்கிறது. படியிறங்கி, சூடான இனிப்புச் சோளக் கூழ் வாங்கிக் கொடுத்தார். கூழ்க்காரி குழந்தையின் சிவப்புத் தொப்பியை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு, "கண்ணு பட்டுடும், மூடி வைங்க" என்றாள். கிளம்பும்போது ஓப்துலியோ திரும்பி நின்று, காலி பெஞ்சைப் பார்த்துக் கூப்பிட்டார்: "நயேலி, வா கண்ணு, போலாம்! இங்கயே நின்னுடாத!"

எட்வினுக்கு ஒன்றும் புரியவில்லை. "குழந்தை என் தோள்ல இருக்கு மாமா. யாரைக் கூப்புடுறீங்க?"

வழியனுப்பக் கூடவே வந்திருந்த ஓப்துலியோவின் மனைவி ரொசேந்தா முந்திக்கொண்டாள். "உடம்புதான் உன் தோள்ல இருக்கு. சின்னக் குழந்தையோட உயிரு, புடிச்ச இடத்துல வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னுடும். பேரு சொல்லிக் கூட்டிட்டு வரணும்."

"அப்ப அதுக்குத் தனி டிக்கெட் எடுக்கணுமா அத்தை?"

யெசேனியா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். ஓப்துலியோ கோபப்படவில்லை. அடுத்துப் போன பூங்காவை விட்டுக் கிளம்பும்போது இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். எட்வின் போனைப் பார்க்கிறவன் போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

கடைசியாக, நாட்டையே சிமெண்டில் செய்து தரையில் பரப்பி வைத்திருக்கும் இடத்துக்குப் போனார்கள். மைதானம் அளவுக்கு மலையும் ஆறும் கடலும். மேலிருந்து பார்ப்பதற்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கோபுரம் உண்டு. ஒன்றில் ஏறினதும் ஓப்துலியோ தானாகவே ஆரம்பித்தார்: "மலையைக் கொஞ்சம் உசத்திதான் கட்டிருக்கான், உண்மைதான். நம்ம மலைய நாமளே உசத்தலேன்னா வேற எவன் உசத்துவான்?"

எட்வின் சிரிக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "மாமா, எங்கப்பா ஊரு இதுல எங்க இருக்கு?"

ஓப்துலியோ மருமகனின் தோளைப் பிடித்துத் திருப்பி, வடமேற்கு மூலையில் உயர்ந்து நிற்கும் மலையைக் காட்டினார். அதன் பனி, அதன் ஆடு, அங்கே விளையும் உருளைக்கிழங்கு, அந்த ஊர்க்காரர்களின் பிடிவாதம், ஒன்றையும் விடவில்லை. எட்வின் குழந்தையை அந்தப் பக்கமாகத் தூக்கிப் பிடித்தான். நேரம் போனதே தெரியவில்லை. "விமானம்!" என்று யெசேனியா கத்தியதும் தடதடவென்று இறங்கி ஓடினார்கள்.

ஏர்போர்ட் ஊரின் மறுகோடியில். நடுவில் நெரிசல். அங்கே நயேலி அழ ஆரம்பித்தாள். பால் கொடுத்தாலும் நிற்கவில்லை, ஆட்டினாலும் நிற்கவில்லை. மூச்சு முட்டுகிற அழுகை.

"யோவ், கோபுரத்துல கூப்பிட்டியா?" என்றாள் ரொசேந்தா.

ஓப்துலியோ வாயே திறக்கவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"ஊரு பூரா பேசத் தெரிஞ்ச வாய்க்குப் பேத்தி பேரு மட்டும் மறந்துபோச்சாக்கும்!"

"விமானம் போயிடும்டி..." என்று முனகினார். இவ்வளவு பாடுபட்டு, கடைசியில் விமானத்தையும் விட வைத்தால் எட்வின் இந்த ஊர்ப் பக்கம் தலைவைத்துப் படுப்பானா?

பின்சீட்டிலிருந்து எட்வின் சொன்னான்: "திருப்புங்க மாமா."

திரும்பிப் போய்ச் சேருவதற்குள் குழந்தை அழுது களைத்துத் தூங்கியே போய்விட்டது. "தூங்கிட்டா மாப்ள. எல்லாம் சரியாயிடுச்சு. விடு, விமானத்தைப் பாப்போம்" என்றார் ஓப்துலியோ. எட்வின் அதற்குள் கதவைத் திறந்து, குழந்தையோடு ஓடிக்கொண்டிருந்தான்.

வாசலில் சீட்டுக் கொடுக்கிற அம்மாள் கையை நீட்டி மறித்தாள்.

"பொண்ணை மேல விட்டுட்டுப் போயிட்டோம்" என்றான் எட்வின், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே.

அவள் குழந்தையைப் பார்த்தாள். சிவப்புத் தொப்பியைப் பார்த்தாள். "எந்தக் கோபுரம்? இந்தப் பக்கமா? ஓடுப்பா, ஓடு. அப்பன் குரல்தான் நல்லாக் கேக்கும்" என்று வழிவிட்டாள்.

விமானத்தில் கடைசியாக ஏறியவர்கள் அவர்கள்தான். அதற்கு முன் ஏர்போர்ட் வாசலில், இந்த ஊரிலிருந்து பறக்கிற எல்லாரும் கொண்டுபோகிற வறுத்த கோழிப் பெட்டியை ரொசேந்தா எட்வின் கையில் திணித்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு, மாமனாரைக் கட்டிப்பிடித்து, "டிசம்பர்ல லீவு கேக்குறேன். அந்தப் பெரிய கோயில்ல எத்தனை பேரு உக்காரலாம் மாமா?" என்று கேட்டான்.

இன்று காலை டாக்சி ஸ்டாண்டில், பக்கத்து வண்டிக்காரர் செப்பே, "என்ன பெரியவரே, உங்க வெள்ளைக்கார மாப்ள திரும்பி வருவாரா, மாட்டாரா?" என்று சீண்டினார். ஓப்துலியோ ரொட்டியைக் காப்பியில் முக்கி, அது ஊறும்வரை பொறுமையாக இருந்து, தின்று முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"யாருடா வெள்ளைக்காரன்? கோபுரத்துல நின்னு 'நயேலி'ன்னு ஒரு கூப்பாடு போட்டான் பாரு, ரோட்டுல ஐஸ் விக்கிறவன் வண்டியை நிறுத்திட்டான். என் குரலெல்லாம் ஒரு குரலா! அது மலைக்காரன் தொண்டைடா."