ஒற்றை வெட்டு

தோல் பதனிடும் ஷாப்பில் சேர்ந்த முதல் நாளே முதலாளி ஒரு பச்சைத் தோலை என் முன்னால் புரட்டிப் போட்டார். "மயிர்ப் பக்கத்த யாரு வேணா பாப்பான் தம்பி. நீ சதைப் பக்கத்தப் பாரு" என்றார். அறுத்த மாட்டின் தோல் உட்புறம் வெளுத்திருக்கும். தானாகச் செத்த மாட்டில் ரத்தம் வடியாது. நரம்பெல்லாம் கறுப்பாகக் கோடு கோடாகத் தெரியும். அறுப்புத் தோலுக்கு வால் ஓரத்தில் கத்தியால் ஒரு வெட்டு, செத்த தோலுக்கு இரண்டு. பண்ணைக்காட்டுக்குக் கீழே ஓடைக்கரையில் இருந்த அந்தச் சின்ன ஷாப்பில் பதினோரு வருஷம் எனக்கு இதுதான் சோலி.

என் வெட்டைப் பார்த்து வேலை செய்தவன் சின்னான். பச்சைத் தோலைச் சுமந்து போய்ச் சுண்ணாம்புத் தொட்டியில் இறக்குவது அவன் வேலை. ஒரு வெட்டு என்றால் வெறுந்தோளில் போட்டுக்கொள்வான். இரண்டு என்றால் தோளையும் கழுத்தையும் சாக்கால் சுற்றிக்கொள்வான். மலையில் மாடுகளுக்கு அடைப்பான் நோய் கண்டுவிட்டால், அது தோல் வழியாக ஆளுக்கும் ஒட்டும் என்று, செத்த தோலை உள்ளேயே விடமாட்டோம். அது எங்கள் கட்டுப்பாடு.

பதினோராம் வருஷம் மழைக்குப் பின் அடைப்பான் வந்தது. அதே சமயம் கொடைக்கானல் பஜாரில் தோல் கோட்டு தைக்கும் டெய்லர் ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு துரைக்குக் குதிரைச் சவாரிக் கோட்டு. கன்றுத் தோல், ஒரே கனம், தழும்பே கூடாது. முதுகுத் துண்டுக்கு மட்டும் தோல் அமையவில்லை. எங்கள் பக்கத்துக் கன்றுகளுக்கு உண்ணிக்கடி, முள் கீறல் என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

ஒரு நாள் வெள்ளனே மலையிலிருந்து ஒரு கன்றுத் தோல் வந்தது. மயிர்ப் பக்கம் ஒரு கீறல் இல்லை. புரட்டினேன். கோடு கோடாக ரத்தம்.

"மொதலாளி, இது செத்தது."

அவர் குனிந்து நன்றாகவே பார்த்தார். "எங்கயாச்சும் பள்ளத்துல விழுந்து செத்திருக்கும். ரெண்டு வெட்டுப் போட்டா சின்னான் தொடமாட்டான். உப்ப அப்பிட்டு வெரசா ஒத்த வெட்டுப் போடு தம்பி."

போட்டேன். அவர் என்னை மிரட்டவில்லை, வேலையை விட்டு நிறுத்துவேன் என்றுகூடச் சொல்லவில்லை. முதலாளி முகம் கோணக் கூடாது என்று போட்டேன், அவ்வளவுதான். கோடுகள் மறையும்படி உப்பை அப்பியதும் நான்தான்.

சின்னான் வந்து வெட்டைப் பார்த்தான். அடைப்பான் காலம் என்பதால் ஒரு வார்த்தை கேட்டான்.

"அறுப்புதானுங்களா பாய்?"

"அறுப்புதான்பா. தூக்கு."

வெறுந்தோளில் போட்டுக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் அவன் கழுத்தில் ஒரு கொப்புளம். "வலியே இல்லீங்க, அரிப்புதான்" என்று சிரித்தான். மறுநாள் அதன் நடுவில் கரியாகக் கறுத்துவிட்டது. தாடைக்குக் கீழே வீங்கி மூச்சு அடைத்தது. டோலி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

டாக்டர் கழுத்தைப் பார்த்ததுமே கேட்டார்: "செத்த மாட்டுத் தோல் தூக்கினாயா?"

சின்னானே பதில் சொன்னான். "இல்லீங்க சாமி. ஒத்த வெட்டு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் பிழைத்திருப்பானா, தெரியாது. விடிவதற்குள் போய்விட்டான். அந்தத் தோல் அப்போதும் எங்கள் சுண்ணாம்புத் தொட்டியில்தான் கிடந்தது.

பிறகு அது ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமாகி, கோட்டானது. டெய்லரோடு நானும் கொடுக்கப் போனேன். துரை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் திரும்பி நின்றார். முதுகில் ஒரு தழும்பு இல்லை. "நம்பர் ஒன் ஸ்கின்" என்றார்.

தரம் பார்க்கும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் போடும் குறியை நம்பி ஒருவன் வெறுந்தோளோடு வந்து நிற்பான். அந்தக் கன்றுத் தோலுக்கு முன் பதினோரு வருஷத்தில் நான் ஒரு வெட்டும் தப்பாகப் போட்டதில்லை. அதனால்தான் சின்னான் தோலைப் புரட்டிப் பார்க்கவில்லை.