ஆர்வோ செய்த நல்ல தோட்டா

போன இலையுதிர் காலத்து வேட்டையில் ஆர்வோ சுட்ட மூஸ் மான் விழவில்லை. எருமையை விட உயரமான பெண் மான், பக்கவாட்டில் ஆடாமல் அசையாமல் நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சுட்டாலும் படும் தூரம். குண்டு நெஞ்சை விட்டுவிட்டு வயிற்றில் பாய்ந்தது. நாய் இரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு சதுப்பு வரை போய், அங்கே நின்றுவிட்டது. அண்டங்காக்கைகள் கூடிய பிறகுதான் உடல் கிடைத்தது. அதன் கன்று பனி விழும்வரை அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது.

வடக்கே கைனூ வட்டாரத்துக் காட்டுக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு கிடையாது. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கேட்பதும் அவர்கள் வழக்கமில்லை. ஆர்வோதான் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லித் திரிந்தார்: “தோட்டா சரியில்ல.”

தோட்டா அவரே செய்தது. போர்க்காலத்தில் செய்த தம் பழைய பட்டாளத்துத் துப்பாக்கிக்குக் கடைத் தோட்டா ஒத்துவராது என்பது அவர் கட்சி. பித்தளைக் கூட்டைக் கழுவி, அடியில் தீப்பொறி கிளப்பும் புதுக் கேப் பதித்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்துப் போட்டு, குண்டை அழுத்தி மூடுவார். குளிர்காலம் முழுக்க அதே வேலை. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று, அப்போதுதான் கோளாறு எங்கே என்று தெரியும் என்பது தோட்டா செய்பவர்களின் வேதவாக்கு. மருந்தை மாற்றினார், குண்டை மாற்றினார், குண்டு கூட்டுக்குள் இறங்கும் ஆழத்தை மாற்றினார். இலக்கு அட்டையில் துளைகள் கோழி கிளறிய மாதிரி சிதறியே விழுந்தன. ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்ற கதை அவருக்கு யார் சொல்வது?

“கண் டாக்டரப் போய்ப் பாருங்களேன்,” என்றாள் மனைவி ஹெல்வி.

“கண்ணுக்கு என்ன? நேத்து உனக்கு ஊசில நூல் கோத்துக் குடுத்தது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா?”

வேட்டைக் குழுவின் தலைவன் இல்மாரி, பள்ளி நாளிலிருந்து அவர் கூட்டாளி. ஆகஸ்ட் கடைசியில் அவனே வாய்விட்டான். “தோட்டாதான் கோளாறுன்னா, புதுத் தோட்டாவ என் எதிர்க்கச் சுட்டுக் காட்டுடா. துளையெல்லாம் ஒண்ணாச் சேந்தா காட்டுல உன் இடம் உனக்கு. இல்லேன்னா இந்த வருஷம் நீ அடுப்படி.”

“உனக்கெல்லாம் சூப்பு வைக்கவா நான் பொறந்தேன்?”

சரளைக் குழிச் சுடுகளத்தில் இல்மாரி காப்பிக் குடுவையோடு உட்கார்ந்தான். ஆர்வோ மணல் மூட்டைமேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டார். முதல் குண்டு இடது ஓரம். அடுத்தது வெகு கீழே. இல்மாரி தொலைநோக்கியில் பார்த்துவிட்டுக் காப்பியை உறிஞ்சினான்.

மூன்றாவது தடவை விசையை இழுத்தபோது வெடி வரவில்லை. ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். ஆனால் துப்பாக்கி முனை வெடுக்கென்று கீழே குத்தி, மணல் மூட்டையை மேசையிலிருந்து தள்ளியது. ஆர்வோவின் தோள் முன்னால் பாய்ந்திருந்தது. கண்கள் இறுக மூடியிருந்தன.

வெடிக்காத தோட்டா தாமதமாகவும் வெடிக்கலாம் என்பதால், முனையை இலக்கை நோக்கியே வைத்துக்கொண்டு சற்றுக் காத்திருக்க வேண்டும். ஆர்வோ காத்திருந்தார். வெடியே இல்லாதபோது யார் துப்பாக்கியைக் கீழே தள்ளியது என்று எண்ண அந்த நேரம் அவருக்குப் போதுமானதாக இருந்தது. வெடிக்குப் பயந்து ஒடுங்கும் ஆளாகத் தாம் எப்போது ஆனோம் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

தோட்டாவை வெளியே எடுத்தார். அடியில் கேப் இல்லை, உள்ளே மருந்தும் இல்லை. நீளம் பார்க்க அவரே செய்து வைத்திருந்த மாதிரித் தோட்டா, மறதியில் பெட்டிக்குள் போயிருந்தது.

“அட கிறுக்கா! மாதிரியப் போயி பெட்டில...” என்று சிரிக்க ஆரம்பித்த இல்மாரி, மேசைக்குக் கீழே கிடந்த மூட்டையைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான்.

“நீ சுடு,” என்றார் ஆர்வோ.

“வேண்டாம்டா, விடு.”

“சுடுன்னா சுடு.”

இல்மாரி உட்கார்ந்து அதே துப்பாக்கியில் நிதானமாக ஐந்து தடவை சுட்டான். பின்னால் நின்ற ஆர்வோ, தம் கையால் பார்த்துப் பார்த்துச் செய்த தோட்டாக்கள் ஒவ்வொன்றும் தறிகெட்டுப் போக வேண்டும் என்று கடவுளை வேண்டினார். இருவரும் அட்டைவரை நடந்தார்கள். நடுவில் ஐந்து துளைகள் நெருக்கிக் கிடந்தன. காப்பிக் கோப்பையைக் கவிழ்த்தால் மூடிவிடும்.

“நல்ல தோட்டாடா,” என்றான் இல்மாரி தலையைக் குனிந்துகொண்டு. “இவ்வளவு நல்லதா நீ செஞ்சதே இல்ல.”

ஆர்வோ துளைகளை விரலால் தடவினார். “பனி விழற வரைக்கும் அந்தக் கன்னு சுத்திக்கிட்டே இருந்துது, இல்ல?”

“ஆமா.”

இருவரும் திரும்பி வந்து உட்கார்ந்ததும், ஆர்வோ தோட்டாப் பெட்டியை மூடி இல்மாரியின் மடியில் வைத்தார்.

“நீயே வச்சுக்க,” என்றார். “நீ சுட்டா மான் உடனே செத்துரும்.”