இருநூற்றைம்பது வயதுப் பெயர்

வெட்டிய கோட்டில் ஒட்டியிருக்கும் பித்தளைத் தூளை ஊதி ஊதித் தாடியில் ஏற்றிக்கொண்டு, இஷ்தியாக் மியான் இன்று காலையும் லண்டனில் ஒரு வெயில் கடிகாரம் செய்துகொண்டிருக்கிறார். ரூர்க்கியிலிருந்து கிளம்பி ஹரித்துவாரைத் தாண்டியதில்லை. உள்ளங்கையில் அடங்கும் வட்டப் பெட்டி, நடுவே திசைமுள், நிழல் விழுத்த மடக்கி நிமிர்த்தும் முக்கோணத் தகடு, சுற்றிலும் மணிக்கோடுகள். கீழே 'லண்டன், 1750' என்று வெட்டுவார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர் என்பதால் முப்பத்தெட்டு ஆண்டுகளில் ஓர் எழுத்துப்பிழையும் கிடையாது.

பிறகு பட்டறைக் கொல்லையில், உப்பும் நவச்சாரமும் பிசைந்த மண்குழியில் புதைப்பார். குழிக்கு அவர் வைத்த பெயர் கபர், பிணம் அடக்கும் குழி. ஐந்தே நாளில் பச்சை பூத்து, இருநூற்றைம்பது வயதோடு எழுந்து வரும்.

"எனக்கு இந்த அறுபத்திரண்டு வரவே அறுபத்திரண்டு வருஷம் ஆச்சு. நான் மட்டமான பித்தளை பாய்" என்பார், பக்கத்தில் உட்கார்ந்து மெருகு போடும் என்னிடம்.

லண்டன் வெயிலுக்கு வெட்டிய சாய்வு, நம் ஊர் வெயிலில் உச்சிப்பொழுது தவிர மற்ற நேரமெல்லாம் பொய் சொல்லும். அதைப் பற்றி இதுவரை யாரும் புகார் செய்ததில்லை. வாங்குகிறவர்கள் மணி பார்ப்பதில்லை.

மியானுக்கு இடது கண் போய்விட்டது. வலது கண் மழைக்காலம் வரை தாங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் ஏழு வெள்ளிக்கிழமைகள், தொழுகை முடிந்த கையோடு உட்கார்ந்து, ரூர்க்கி வெயிலுக்கென்று ஒன்று செய்தார். உருதுவில் 'இஷ்தியாக், ரூர்க்கி' என்று வெட்டினார். என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். இருபது நிமிடம் உதைத்தது.

"உன் கடிகாரம் சர்க்கார் பேச்சைக் கேக்குது பாய். இது சூரியன் பேச்சைக் கேக்குது."

முதலாளி லாலா தரம்பால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன மியான், டூப்ளிகேட் மாதிரி இருக்கு?"

"இது ஒண்ணுதான் லாலாஜி அசல்."

"இப்படிப் பளபளன்னு இருந்தா எவன் நம்புவான்? பேரை உரசிட்டு லண்டன்னு போடுங்க."

"பேரு இருக்கட்டுமே. இன்னொண்ணு வெட்டக் கண்ணு இருக்காது."

லாலாஜி இளகிய மனசுக்காரர். யோசித்தார்.

"சரி, இருக்கட்டும். கீழ உங்க ஹிஜ்ரி வருஷக் கணக்குல 1180-ன்னு சேத்துடுங்க. நவாபு காலத்து உஸ்தாது கைவேலைன்னு சொல்லிக்கிறேன்."

"அப்போ நான்?"

"நீங்க போய்ச் சேந்து எரநூத்தம்பது வருஷமாச்சு! கண்ணாடிப் பெட்டியில வெப்பான், சந்தோஷப்படுங்க."

பட்டறையே சிரித்தது. மியானும் சிரித்தார், சற்றுத் தாமதமாக.

மிச்சமிருந்த கண்ணைத் தகட்டில் உரசும்படி குனிந்து, நான்கு எண்களையும் வெட்டினார். உளி வழுக்கவில்லை. பிறகு கொல்லைக்கு எடுத்துப் போய், பெயர் மேலே தெரியும்படி குழியில் கிடத்தினார். வழக்கமாக மண்வெட்டியால்தான் தள்ளி மூடுவார். அன்று அதைச் சுவரில் சாய்த்து வைத்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு குனிந்து, கையாலேயே மூன்று பிடி மண் போட்டார்.