மாரியாயிக்கு அப்பா பெயர்

போன வாரம் மெர்கோங்கில் ஒரு கடையில் மகன் கணினிக்கு ஒரு டிஸ்க் வாங்கினான். விரல் நீளம்தான் இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் புது பிளாஸ்டிக் வாசனை குப்பென்று வந்தது பாருங்கள், நான் எண்பதுகளின் கரங்கான் ரப்பர் தோட்டத்துக்கே போய்விட்டேன்.

அங்கே தோட்ட ஆஸ்பத்திரியில் நான் கிராணி, அதாவது கணக்கு வழக்கு எழுதும் குமாஸ்தா. சுங்கைப்பட்டாணியில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய்வந்த பிறகு எனக்குத் தலையில் கொம்பு முளைத்திருந்தது. நோயாளிகளின் விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறப்போகிறது, எந்த ஹார்ட் டிஸ்க் வாங்குவது என்று பேச்சு. பினாங்கிலிருந்து வந்த விற்பனையாளர் இரண்டைக் காட்டினார். விலை ஒன்றுதான். ஒன்றில் இடம் குறைவு, ஆனால் படுவேகம். மற்றதில் இடம் தாராளம், ஆனால் சரியான அசமந்தம். டாக்டருக்கு வேகம் பிடித்தது. எனக்கும்தான்.

“சின்னதுல இடம் பத்துமா தம்பி?” என்றார் தலைமை நர்ஸ் ஸ்டெல்லா அக்கா.

“பேரை வெட்டிக்கலாம் லா அக்கா. இங்கிலீஷ்ல பதினெட்டு எழுத்து போதும்” என்றேன் நான்.

எங்கள் ஊரில் பெயருக்குப் பின்னால் ‘ஏ/பி’ என்று போட்டு, இன்னார் மகள் என்று அப்பா பெயரை எழுதுவார்கள். அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

“ஐயையோ! ஒரு மாரியாயி முத்துசாமி மக, இன்னொருத்தி முத்துக்கருப்பன் மக. நீங்க வெட்டினா ரெண்டு பேரும் முத்து மக ஆயிருவாங்களே! முத்துக்கருப்பன் மகளுக்குப் பென்சிலின் போட்டா உசுரு போயிரும்!”

டாக்டர் விடவில்லை. “அவசரத்துக்கு மெஷின் முன்னால காத்துக்கிட்டு நிக்கணுமா சிஸ்டர்?”

“சீக்கிரமா வேற மாரியாயி வந்து என்ன பிரயோஜனம் டாக்டர்?”

டாக்டர் சிரித்துவிட்டார். பெரியதையே வாங்கினோம். அடேயப்பா, என்ன சத்தம்! பெயரைத் தட்டிவிட்டுத் தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வரலாம்.

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில், ஸ்டெல்லா அக்கா லீவில் இருந்தபோது, முத்துக்கருப்பன் மகளை நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். புருஷனுக்குப் பதற்றத்தில் அவள் பெயரும் மாமனார் பெயரும் தவிர வேறொன்றும் வாயில் வரவில்லை. திரையில் இரண்டு மாரியாயிகளும் முழு அப்பா பெயரோடு வந்தார்கள். இவள் பெயருக்கு நேரே பென்சிலின் கூடாது என்று இருந்தது. டாக்டர் வேறு ஊசி போட்டார். அவள் பிழைத்து உட்கார்ந்து கஞ்சி குடித்தபோது, லீவு முடிந்து வந்த ஸ்டெல்லா அக்காவைப் பார்த்து டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன மனுஷி அவர்!

அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. தோட்டமும் இல்லை, அங்கே வீடுகள் வந்துவிட்டன. நேற்று கிளினிக்கில் என் பெயரைச் சொல்லி, பழக்கத்தில் அப்பா பெயரையும் சொல்ல வாயெடுத்தேன்.

“ஐசி நம்பர் போதும் அங்கிள்” என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

அடையாள அட்டையின் எண்ணைச் சொன்னதும் நொடியில் வேலை முடிந்தது. அப்பாவின் பெயரை யாராவது கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது என்று யோசித்தபடி போய் உட்கார்ந்தேன்.