கடிக்கிற ஷட்டர்

எழுபதுகளின் தொடக்கத்தில் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வயர்மேனாகப் போனேன். எனக்கு முன்னால் இருந்தவன் பம்பாய்க்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போன வயரிங்கை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. எல்லாம் ஒரே கறுப்பு வயர். எது எங்கே போகிறது என்பதற்கு அடையாளமே கிடையாது. மூட்டுப் போட்ட இடங்களில் டேப்புக்குப் பதில் புடவைக் கரையைக் கிழித்துச் சுற்றியிருந்தான்.

மழை பெய்தால் கடையின் இரும்பு ஷட்டர் ஷாக் அடிக்கும். தீபாவளி வியாபாரமோ மழைக்காலத்தில்தான் வரும். இடுப்பில் குழந்தையோடு பெண்கள் ஷட்டர் ஓரமாக ஒண்டி நிற்பார்கள். ஈரக்கையோடு ஒரு பிள்ளை அதைப் பிடித்துவிட்டால்? இதை நினைத்தே எனக்குத் தூக்கம் கெட்டது. கடையில் யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. தினமும் கடை திறக்கும் சேல்ஸ்மேன் நொச்சிக்குப்பத்துக்காரர். காய்ந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டுதான் ஷட்டரைத் தூக்குவார்.

"கடிக்கும் நைனா. துண்டு வச்சிக்கோ," என்றார் முதல் நாளே.

முதலாளி திருநெல்வேலிக்காரர். வியாபார நேரத்தில் மெயினை அணைக்க விடமாட்டார். அதனால் மேற்கு மாம்பலத்திலிருந்து காலையிலேயே ரயில் பாதையைத் தாண்டி நடந்து வருவேன். மெயினை அணைத்துவிட்டு ஷட்டரில் டெஸ்டரை வைப்பேன். அப்போதும் டெஸ்டருக்குள் இருக்கும் குட்டி பல்பு எரியும். பக்கத்துக் கடையிலிருந்து கசிகிறதோ என்று அவர்களைக் கெஞ்சி அங்கேயும் அணைக்கச் சொன்னேன். அப்போதும் எரிந்தது. சுவிட்சுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினேன். பரணில் எலிப்புழுக்கையில் படுத்துக்கொண்டு வயர்களை இழுத்துப் பார்த்தேன். கடை திறக்கும் நேரம் வந்துவிடும். எல்லாவற்றையும் அப்படியே மூடிவிட்டு, மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மெயினை அணைத்திருந்த நேரத்தில், சாமி படத்துக்குப் புது மாலை போடுவதற்காக சேல்ஸ்மேன் பழைய மாலையை எடுத்தார். பூவுக்குப் பின்னால் மறைந்திருந்த சிவப்புப் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

முதலாளியிடம் கேட்டேன். "நான்தான் அவன்ட்ட சொன்னேன். கடையப் பூட்டுனாலும் சாமிக்கு வெளக்கு எரியணும்லா?" என்றார். பம்பாய்க்குப் போன அந்தப் புண்ணியவான், மெயினை அணைத்தாலும் கரண்டு ஓடும்படி அதற்கு முன்னாலேயே ஒரு வயரை ஒட்டுப் போட்டுவிட்டான். பிறகு கல்லாப்பெட்டிக்கு மேலே ஃபேன், கண்ணாடி அலமாரிக்கு லைட் என்று எது கேட்டாலும் அந்த வயரிலிருந்தே இழுத்திருக்கிறான். கடைசியாக வாசல் போர்டு விளக்குக்குப் போன வயர் தோல் உரிந்து, ஷட்டர் சட்டத்தில் உரசிக்கொண்டிருந்தது.

அந்த வயரை அறுக்க வேண்டும் என்றேன். சாமி விளக்கை அணைக்கக் கூடாது என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"சாமிக்கு வெளக்கு வேணும்னா எண்ணெ ஊத்தி ஏத்துங்க அண்ணாச்சி. இது எவன் பெத்த புள்ளையயாவது கொன்னுடும்."

அவர் என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு அகல் வாங்கிவரச் சொல்லி, தன் கையாலேயே ஏற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தார். "இப்ப அறுத்துக்கோ வே," என்றார்.

கரண்டு ஆபீஸ் ஆளைக் கூட்டிவந்து மீட்டர் ஃபியூஸைப் பிடுங்கச் சொல்லி அறுத்தேன். சாமி பல்புக்குத் தனி ஃபியூஸ் வைத்து வேறு வயர் இழுத்துக் கொடுத்தேன். ஷட்டரில் வைத்த டெஸ்டர் எரியாமல் செத்துக் கிடந்தது. என் வெறுங்கையாலும் பிடித்துக் காட்டினேன்.

மறுநாள் நல்ல மழை. சேல்ஸ்மேன் வந்தார், துண்டைக் கையில் சுற்றினார், ஷட்டரைத் தூக்கினார்.

"அதான் சரி பண்ணிட்டேனே," என்றேன்.

"நீ சொல்ற. உனுக்கு முன்னால இருந்தவனும் இதாம்பா சொன்னான்."