பெற்ற பிள்ளை மட்டும்

குடியேற்ற அலுவலகத்தில் தரை துடைக்கிறவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாக அவள் வாயில் இந்த ஊர்ப் பேச்சைத் தவிர வேறு வந்ததில்லை. இந்த நாட்டில் பிறந்தவள் என்று அவளுடைய அடையாள அட்டை சொல்கிறது. அது பச்சைப் பொய். எல்லைக்கு அந்தப் பக்கம் இப்போது வீடு வீடாகக் கொளுத்துகிறார்களே, அந்தச் சனத்தில் பிறந்தவள் அவள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள் புருஷன்.

"என்ன நடந்தாலும் வாயைத் திறக்காதே. தெரிஞ்சா வேலையும் போச்சு, உன்னையும் வண்டியேத்தி அனுப்பிடுவான்" என்று காலையில்கூடச் சொல்லித்தான் அனுப்பினார்.

டிவியில் பிணங்களைக் காட்டிக் காட்டி, ஒருவழியாக அரசாங்கத்துக்கு மனசு இரங்கியிருந்தது. ஐநூறு பேரை ஏற்றுக்கொள்ளுமாம். அதற்கு மேல் ஒரு ஆளுக்கும் இரக்கம் கிடையாது. அதிலும் பெற்ற பிள்ளையை மட்டும்தான் கூட வைத்துக்கொள்ளலாம், மற்றப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தச் சட்டத்தை எழுதின புண்ணியவான் கூடப்பிறந்தவர்களோடு வளர்ந்தவனாக இருக்க முடியாது.

மூன்றாம் மேசையில் ஒரு பெண், மடியில் நாலு வயசுப் பெண் குழந்தை. மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல், வரவில்லை. அதிகாரியம்மா, பெற்ற பிள்ளையா என்று கையைக் காட்டிக் கண்ணைக் காட்டிக் கேட்டுப் பார்த்துச் சலித்துப்போனார்.

"பதில் இல்லைன்னு எழுதிக்கறேன். குழந்தையைத் திருப்பி அனுப்பற வரிசையில விடுங்க."

காவலர் குழந்தையின் கையைப் பிடித்து இழுத்தார். அது வீலென்று கத்தியது.

"விட்டுடாதே, கெட்டியாப் பிடிச்சுக்கோ" என்று யாரோ அந்தச் சனத்தின் மொழியில் சொன்னார்கள். சொன்னது தன் வாய்தான் என்று அக்காவுக்கு அப்புறம்தான் உறைத்தது.

அதிகாரி நிமிர்ந்தார். "உங்களுக்கு இவங்க பேச்சு தெரியுமா? இது இவங்க பெத்த பிள்ளையான்னு கேளுங்க."

மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்கா கேட்டாள். அந்தப் பெண்ணுக்குச் சூதுவாது தெரியவில்லை. "என் தங்கச்சி பெத்தது. அவளை வீட்டோட எரிச்சுட்டாங்க. இனி இவ எம் பிள்ளைதான்" என்று உள்ளபடியே சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

அக்கா குழந்தையைப் பார்த்தாள்.

"பெத்த பிள்ளைதானாம்."

அதிகாரி எழுதிக்கொண்டு படிவத்தை அவள் பக்கம் திருப்பினார். "கேட்டுச் சொன்னவங்க கையெழுத்துப் போட்டாத்தான் இது செல்லும். உங்க அட்டையையும் குடுங்க. ஆமா, இந்த மொழியை எங்க கத்துக்கிட்டீங்க?"

ஒரு கதை கட்டலாம் என்று பார்த்தாள். பயத்தில் ஒன்றுமே அகப்படவில்லை. மத்தியானம் புருஷனுக்கு எப்படிச் சொல்வது என்று நினைத்தாள். வாசலுக்கு ஓடிவிடலாமா என்றும் நினைத்தாள். காவலரின் கை இன்னும் குழந்தையின் மணிக்கட்டில்தான் இருந்தது.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். காவலர் கையை எடுத்தார்.

"எங்க அம்மாகிட்ட" என்று சொல்லி, அட்டையை மேசையில் வைத்தாள்.

அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிறந்த ஊர் என்று போட்டிருந்த இடத்தில் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.