பம்புக்குள் மாறிய இலக்கம்

போரில் ஊரைவிட்டு ஓடியபோது அந்த எஞ்சினைக் கிளாலிக் கடல் வழியாகத் துண்டு துண்டாகக் கழற்றித்தான் கொண்டுவந்தோம். ஒற்றைச் சிலிண்டர், பெரிய சில்லு, கையால் சுற்றி இயக்கும் பழைய டீசல் எஞ்சின். ஷெல் விழுந்து இறந்த என் கணவர் பிள்ளையைப் போலத் துடைத்து வைத்திருந்தது. எந்தப் பாகம் எந்தப் பையில் என்று ஒரு கொப்பியில் எழுதினேன். இலக்கம் பொறித்திருந்தால் அதையும் எழுதினேன். ஆசிரியைப் புத்தி.

தர்மபுரத்தில் குத்தகைக் காணியில் மிளகாய் வைத்தோம். டீசல் அரிது, மண்ணெண்ணெயில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கலந்து ஓட்டினோம். ஒரு நாள் எஞ்சின் முக்கி முக்கி நின்றது. பக்கத்தில் நெல் ஆலை நடத்திய மெக்கானிக் பம்பைக் கழற்றிக் கொண்டுபோய், இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தான்.

"அக்கா, மண்ணெண்ணெயைப் பருக்கிப் பருக்கி நீங்களே இதைக் கொன்றுபோட்டியள். இனி இது பழைய இரும்புதான்."

நம்பினேன். என்னையே திட்டிக்கொண்டேன். அதன்பின் மகள் பள்ளிக்கூடம் போகுமுன் வாளியால் இறைத்தாள். மூன்று கிழமை கழித்து, கிணற்றின் ஈரக் கட்டில் கால் வழுக்கி உள்ளே போய்க் கயிற்றில் தொங்கினாள். இழுத்தெடுத்தேன். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போயிருந்தது. இன்றைக்கும் வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கிணற்றை எட்டிப் பார்ப்பேன்.

அவள் கைக்கு மருந்து கட்டிய நாட்களில் எஞ்சினோடு வந்த புத்தகத்தைப் படிக்கத் தொடங்கினேன். அன்று அடைத்திருந்தது வெறும் எண்ணெய் வடிகட்டி என்று அப்போதுதான் விளங்கியது. பம்பைத் திறந்தேன். உள்ளே விரல் நீள உருக்குத் தண்டு ஒன்று எண்ணெயைத் தள்ளும். அதுவும் அதன் உறையும் ஒரு சோடி. தண்டில் இருந்த இலக்கம் என் கொப்பியில் இருந்த இலக்கம் அல்ல. தன் தேய்ந்த சோடியைப் போட்டுவிட்டு எங்களுடையதை எடுத்திருந்தான்.

அடுத்த நாள் காலை ஸ்பனரோடு ஆலைக்குப் போனேன். அவனுடையதும் எங்களுடையதைப் போன்ற எஞ்சின்தான். ஓட்டுமுன் சில்லை மெதுவாகச் சுற்றினால், பம்ப் நல்லதென்றால் எண்ணெயைப் பீய்ச்சும் நொசில் 'கிறீச்' என்னும். அவன் சுற்றினான். கிறீச்சென்றது. எங்கள் வீட்டில் ஒரு மாதமாகக் கேட்காத சத்தம்.

"அக்கா, நெல்லைக் காணேல்லை?"

"பம்பைக் கழட்டும். இலக்கம் பாக்கவேணும்."

"விசர்க் கதை கதையாதேங்கோ. சனம் நிக்குது."

கொப்பியை விரித்து இலக்கத்தை உரக்க வாசித்தேன். வரிசையில் நின்ற மலையகத்துக்காரர் ஒருவர், "கழட்டித்தான் காட்டுங்களேன் தம்பி. பொய்யின்னா அந்தம்மாதானே தலை குனியணும்" என்றார்.

அவன் அசையவில்லை. நானே கழற்றினேன். மலையகத்துக்காரர் தண்டை இடுப்புச் சாரத்தில் துடைத்து ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார். கொப்பியில் இருந்ததேதான்.

கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி கெஞ்சினாள்: "ரீச்சர், உங்கடதுதான். இல்லையெண்டு ஆர் சொன்னது? எங்கட நெல்லைக் குத்தினாப்பிறகு கொண்டுபோங்கோவன். வீட்டில ஒருபிடி அரிசி இல்லை."

அவளைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்று பார்க்காமலே தண்டையும் உறையையும் சீலைத் தலைப்பில் முடிந்தேன். அவனுடைய தேய்ந்த சோடியை அவன் கையில் வைத்தேன்.

"இந்தாரும், உம்மட பிரேதம். நீர்தானே டொக்டர், உயிர் குடும்."

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது.

அன்று பின்னேரம் வடிகட்டியையும் கழுவிப் பம்பைப் பூட்டிச் சுற்றினேன். மூன்றாம் தரம் எஞ்சின் பற்றியது. பாத்திகள் நிறைந்தன. மகள் கட்டுப்போட்ட கையோடு கிணற்றுக்கு எட்ட நின்றாள்.

"அம்மா, காணும். நிப்பாட்டுங்கோ. வேர் அழுகிப்போகும்."

ஆலை சத்தமின்றிக் கிடந்தது. அவனுக்குக் கேட்கட்டும் என்று எண்ணெய் முடியும்வரை ஓடவிட்டேன்.

அந்தக் கிழமையே இரண்டு பாத்தி மிளகாய் வேர் அழுகி வாடிச் செத்தது. கன்றுகளைப் பிடுங்கும்போது மகள் என்னோடு கதைக்கவில்லை. அதற்கும் அவன்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு பிடுங்கினேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.